திருகோணமலையில் இயங்கும் நிறுவனம் ஒன்று கருத்திட்ட முகாமைத்துவ அலுவலகத்தை அமைப்பது எப்படி?

ஒரே காலத்தில் நான்கைந்து கருத்திட்டங்களை நடத்தும் நிறுவனத்தின் பணிப்பாளர், "இந்த ஆண்டு முடிவதற்குள் எந்தெந்த வேலைகள் முடியும், அவற்றுக்குப் பணம் போதுமா?" என்று கேட்டால், கணக்காளர் ஒரு விடையும் பொறியியலாளர் இன்னொரு விடையும் வெளிக்கள உத்தியோகத்தர் மூன்றாவது விடையும் சொல்வது வழமை. மூவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். கணக்காளர் தம் கையிலுள்ள பற்றுச்சீட்டுகளை வைத்துப் பேசுகிறார்; பொறியியலாளர் ஒப்பந்தகாரர் கொடுத்த வாக்கை வைத்துப் பேசுகிறார்; வெளிக்கள உத்தியோகத்தர் நேற்றுக் கண்ணால் கண்டதை வைத்துப் பேசுகிறார். இந்த மூன்றையும் ஓரிடத்தில் சேர்த்து, ஒத்துப்பார்த்து, முடிவெடுக்க வேண்டியவரின் முன் உரிய நேரத்தில் வைப்பதே கருத்திட்ட முகாமைத்துவ அலுவலகத்தின் முதற் கடமை. அதன் ஏனைய வேலைகள் யாவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

திருகோணமலை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. நகரில் தலைமையகத்தை வைத்துக்கொண்டு, வடக்கே குச்சவெளியிலும் தெற்கே மூதூர், வெருகல் பக்கங்களிலும் உள்நாட்டில் தம்பலகாமம், கந்தளாய் பகுதிகளிலும் வேலை செய்யும் அரசசார்பற்ற நிறுவனங்களும் கூட்டுறவு அமைப்புகளும் கட்டுமான நிறுவனங்களும் இங்கே இருக்கின்றன. 2009இல் கிண்ணியாப் பாலமும் அதன் பின் மூதூர் வழியிலுள்ள ஏனைய பாலங்களும் திறக்கப்பட்ட பின்னர், 'பாதை' எனப்படும் மிதவைப் படகில் ஏறுவதற்காகத் துறையில் காத்திருந்த காலம் போய், காலையில் புறப்பட்டு மூதூர் வேலைத்தளத்தைப் பார்த்துவிட்டு மாலைக்குள் நகருக்குத் திரும்ப முடிகிறது. பயணம் இலகுவானாலும், தலைமையகத்துக்கு வந்து சேரும் தகவல் அதே அளவுக்கு விரைவாகவும் நம்பகமாகவும் ஆகிவிடவில்லை. இந்த வழிகாட்டி அத்தகைய நடுத்தர நிறுவனங்களுக்காகவே எழுதப்படுகிறது.

இந்த அலுவலகம் எது, எது இல்லை

இலங்கையில் கருத்திட்ட முகாமைத்துவப் பிரிவு என்ற ஏற்பாடு பலருக்கும் பழக்கமானது. வெளிநாட்டுக் கடனிலோ நன்கொடையிலோ நடைபெறும் ஒரு குறிப்பிட்ட கருத்திட்டத்துக்காக அது உருவாக்கப்படுகிறது. அந்தக் கருத்திட்டம் முடிந்ததும் கலைக்கப்படுகிறது. அதில் வேலை செய்தவர்களோடு அவர்கள் கற்றதும் போய்விடுகிறது. இங்கே பேசப்படும் அலுவலகம் வேறு வகையானது. அது நிறுவனத்தின் நிரந்தர உறுப்பாக இருந்து, எல்லாக் கருத்திட்டங்களையும் ஒன்றாகப் பார்க்கிறது. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும்போது முந்தியதன் பாடத்தைக் கையளிக்கிறது. தேசிய மட்டத்தில் கருத்திட்ட முகாமைத்துவம் மற்றும் கண்காணிப்புத் திணைக்களம் அரச கருத்திட்டங்களின் முன்னேற்றத்தைக் கண்காணிக்கிறது. அதே தேவை, சிறிய அளவில், ஒவ்வொரு நிறுவனத்துக்குள்ளும் உண்டு.

இத்தகைய அலுவலகத்தின் வரலாறு பெரும்பாலும் பாதுகாப்புத் துறையிலிருந்தும் பெருங்கட்டுமானத் துறையிலிருந்தும் வருகிறது. அமெரிக்கக் கடற்படை 1955இல் கடலிலிருந்து ஏவும் ஏவுகணைக்காகச் சிறப்புக் கருத்திட்ட அலுவலகம் ஒன்றை அமைத்தது; பின்னர் பொலாரிஸ் ஏவுகணையை உருவாக்கியதும் அதுவே. பெர்ட் எனப்படும் வலையமைப்புக் கால அட்டவணை முறை 1958இல் அங்கேதான் உருவானது. 1969இல் தொடங்கப்பட்ட கருத்திட்ட முகாமைத்துவ நிறுவனமான பி.எம்.ஐ., தனது பிம்பொக் வழிகாட்டியில் இத்தகைய அலுவலகங்களை மூன்று வகையாகப் பிரித்துக் காட்டியிருக்கிறது. முதல் வகை, மாதிரிப் படிவங்களையும் பயிற்சியையும் ஆலோசனையையும் கொடுத்து ஆதரவாக நிற்பது. இரண்டாவது, குறிப்பிட்ட நடைமுறைகளைப் பின்பற்றியே ஆகவேண்டும் என்று கட்டுப்படுத்துவது. மூன்றாவது, கருத்திட்ட முகாமையாளர்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டு கருத்திட்டங்களை நேரடியாக நடத்துவது.

எந்த வகையைத் தெரிவது என்ற கேள்விக்கு என்னுடைய தெளிவான பரிந்துரை இது: முதல் ஆண்டில் ஆதரவு வகையாகத் தொடங்குங்கள், ஆனால் மூன்று விடயங்களில் மட்டும் கட்டுப்படுத்தும் அதிகாரத்தைத் தொடக்கத்திலேயே பெற்றுக்கொள்ளுங்கள். புதிய கருத்திட்டத்தை ஏற்பது, மாதாந்த முன்னேற்றத்தை அறிக்கையிடுவது, அங்கீகரிக்கப்பட்ட வரவுசெலவிலோ முடிவுத் திகதியிலோ மாற்றம் செய்வது ஆகியவையே அந்த மூன்று. இவற்றில் அதிகாரம் இல்லாத அலுவலகம் படிவங்களைச் சேகரிக்கும் இடமாகிவிடும். எல்லாவற்றிலும் அதிகாரம் கேட்கும் அலுவலகத்தை வெளிக்களத்தில் இருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் வெறுக்கத் தொடங்குவார்கள். அந்த வெறுப்பில் நியாயமும் இருக்கும்.

ஆணையை எழுத்தில் பெறுதல்

வேலையைத் தொடங்குமுன் ஒரு பக்க ஆணை ஒன்றைத் தயாரித்து, பணிப்பாளர் சபையின் அங்கீகாரத்தைப் பெற வேண்டும். அலுவலகம் யாருக்குப் பொறுப்புக் கூறும், எந்தத் தகவலை யாரிடமிருந்து எந்தத் திகதிக்குள் கேட்கலாம், எதில் தானே முடிவெடுக்கலாம், எதைப் பரிந்துரைக்க மட்டும் செய்யலாம் என்ற நான்கும் அதில் இருந்தால் போதும். அலுவலகம் நிறைவேற்றுப் பணிப்பாளருக்கு நேரடியாகப் பொறுப்புக் கூற வேண்டும். நிதிப் பிரிவின் கீழ் வைத்தால் அது செலவைக் கண்காணிக்கும் கண்ணாக மட்டும் மாறிவிடும். ஒரு நிகழ்ச்சித்திட்டத் தலைவரின் கீழ் வைத்தால் மற்றத் தலைவர்கள் அதன் அறிக்கையை நம்பமாட்டார்கள்.

தொடக்கத்தில் ஆட்கள் இருவர் போதும். ஒருவர் திட்டமிடலிலும் எண்களிலும் தேர்ந்தவராகவும் மற்றவர் வெளிக்களத்தில் சில ஆண்டுகள் வேலை செய்து, கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் பேசிப் பழகியவராகவும் இருப்பது நல்லது. மென்பொருளுக்கு அவசரப்பட்டுப் பணம் செலவிட வேண்டியதில்லை; ஓர் எக்செல் கோப்பு முதல் ஆண்டுக்குத் தாராளமாகப் போதும். மொழி விடயத்தில் மட்டும் கவனம் தேவை. கந்தளாய், சேருவில போன்ற பிரிவுகளில் வேலை செய்யும் நிறுவனத்தின் படிவங்கள் தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் உள்ள படிவத்தை வெளிக்கள உத்தியோகத்தர் அரைகுறையாக நிரப்புவதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது.

பதிவேடு

முதல் மாதத்தின் வேலை ஒன்றே ஒன்று. நிறுவனத்தில் நடந்துகொண்டிருக்கும், அங்கீகரிக்கப்பட்டுத் தொடங்காத, வாய்மொழியாக ஒப்புக்கொண்ட எல்லாக் கருத்திட்டங்களையும் ஒரே பதிவேட்டில் எழுத வேண்டும். மூன்றாவது வகையை விட்டுவிடக் கூடாது. ஒரு பாடசாலை அதிபரிடமோ பள்ளிவாசல் நிர்வாகத்திடமோ கோயில் பரிபாலன சபையிடமோ பணிப்பாளர் கொடுத்த வாக்குறுதியும் ஆட்களையும் வாகனத்தையும் பணத்தையும் கேட்கும் வேலைதான். எழுதப்படாததால் அது கண்ணில் படுவதில்லை.

பதிவேட்டின் ஒரு வரி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு, கற்பனையான ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். வெருகல் பிரிவில் ஒரு கிராமத்துக்குக் குடிநீர் வழங்கும் கருத்திட்டம்; வரவுசெலவு 80 இலட்சம் ரூபாய்; பொறுப்பாளரின் பெயர் ஒன்று மட்டும்; தொடக்கத் திகதி, முடிவுத் திகதி; அடுத்த மைல்கல், அதாவது "நீர்த்தாங்கியின் தூண்களுக்குக் கொங்கிரீட் இட்டு முடிதல்", அதற்குரிய திகதியுடன்; இதுவரை செலவான தொகை; இதுவரை முடிந்த வேலையின் அளவு; இப்போது வேலையைத் தடுத்துக்கொண்டிருப்பது எது; அதை நீக்க வேண்டியவர் யார். இறுதி இரண்டு நிரல்களையும்தான் மக்கள் வெறுமையாக விடுவார்கள். முடிவெடுப்பவருக்கு அதிகம் பயன்படுபவையும் அவையே. "காணிக் கடிதம் வரவில்லை" என்று எழுதினால் போதாது. "காணிக் கடிதம் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் உள்ளது, பணிப்பாளர் நேரில் பேச வேண்டும்" என்று எழுதினால், அந்த வரியைப் படித்தவர் அன்றைக்கே தொலைபேசியை எடுக்க முடியும்.

ஏற்பதா, வேண்டாமா

அலுவலகம் நிறுவனத்துக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, ஏற்கக் கூடாத கருத்திட்டத்தை ஏற்காமல் தடுப்பதாகும். நன்கொடையாளர் பணம் தர முன்வரும்போது வேண்டாம் என்று சொல்வது கடினம். அந்தக் கடினமான சொல்லை ஒரு தனி மனிதரின் தோளில் போடாமல், எல்லோருக்கும் தெரிந்த சில கேள்விகளின் மீது வைப்பதற்கே ஏற்பு நடைமுறை தேவைப்படுகிறது.

முதற் கேள்வி காணி பற்றியதாக இருக்கட்டும். இந்த மாவட்டத்தில் வேலை தாமதமாவதற்கான காரணங்களில் காணிப் பிரச்சினைக்கு நான் முதலிடம் கொடுப்பேன். காணி தனியாருடையதா, அரச காணியா, உறுதிப்பத்திரம் உண்டா, அனுமதிப்பத்திரம் மட்டும்தானா, வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் எல்லைக்குள் வருகிறதா, தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி தேவைப்படுமா என்பவற்றைப் பணம் கைக்கு வருமுன் விசாரித்து முடிக்க வேண்டும். நிலாவெளி, குச்சவெளி, மூதூர் போன்ற கரையோரப் பகுதிகளில் இன்னொரு கேள்வியும் சேர்கிறது: 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின்படி, சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரையான பகுதி கரையோர வலயத்துக்குள் அடங்குகிறது, அதற்குள் கட்டுமானம் போன்ற அபிவிருத்தி வேலைகளைச் செய்ய அனுமதிப்பத்திரம் வேண்டும். மீனவர் சங்கத்துக்கு வலை பின்னும் மண்டபம் கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டு, ஒப்பந்தகாரரையும் தெரிவுசெய்த பின்னர் இந்த அனுமதியைத் தேடத் தொடங்கினால், கருத்திட்டக் காலத்தின் பெரும்பகுதி அலுவலகப் படிகளிலேயே கழிந்துவிடும்.

அடுத்த கேள்வி, முடிந்த பின் யார் பராமரிப்பார் என்பது. நீர்ப்பம்பியின் மின்கட்டணத்தை எந்தச் சங்கம் கட்டும், கட்டடத்தைப் பிரதேச சபை பொறுப்பேற்குமா, வலயக் கல்வி அலுவலகம் எழுத்தில் ஒப்புக்கொண்டதா என்று கேட்க வேண்டும். கடிதம் இல்லாத ஒப்புதலை ஒப்புதலாகக் கொள்ள வேண்டாம். அதே கிராமத்தில் அதே வேலையை வேறொரு நிறுவனம் செய்கிறதா என்பதையும் பிரதேச செயலகத்தில் கேட்டறிவது அவசியம். 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் இந்தக் கரையில் பல நிறுவனங்கள் ஒரே நேரத்தில் இறங்கி வேலை செய்த காலத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியின் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை.

மழையையும் அறுவடையையும் வைத்துத் திட்டமிடுதல்

வெளியூரிலிருந்து வரும் மாதிரிக் கால அட்டவணைகள் ஆண்டின் 12 மாதங்களையும் ஒரே மாதிரியாக எண்ணுகின்றன. திருகோணமலையில் அப்படி எண்ண முடியாது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரையான மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது. அந்தக் காலத்தில் தாழ்நிலங்களில் அத்திவாரக் குழி வெட்டினால் காலையில் தண்ணீர் இறைப்பதும் மாலையில் மீண்டும் நிரம்பக் காண்பதுமாக நாள் போகும். கிணறு வெட்டும் வேலையையும் ஆழப்படுத்தும் வேலையையும் நிலத்தடி நீர் அடியில் இருக்கும் ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் செய்ய வேண்டும். மாரியில் வெட்டிய கிணறு ஆழம் போதாமல் கோடையில் வற்றிப்போவது பலரும் கண்ட விடயம்.

பெரும்போக அறுவடை நடக்கும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் தம்பலகாமம், கிண்ணியா, மூதூர் பக்கங்களில் கூலியாள் கிடைப்பது அரிது. சித்திரைப் புத்தாண்டுக்கு ஊருக்குப் போகும் மேசன்மார் உடனே திரும்புவதில்லை. நோன்பு மாதம் ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய 11 நாள் முன்னதாகவே வந்துவிடுவதால், சென்ற ஆண்டின் அட்டவணையை அப்படியே நகலெடுக்க முடியாது. கிண்ணியாவிலும் மூதூரிலும் அந்த மாதத்தில் வேலை நேரத்தைக் காலைக்கு மாற்றியமைப்பதே மரியாதையும் நடைமுறையும் ஆகும். பாடசாலைக் கட்டட வேலைகளில் சத்தம் மிகுந்தவற்றை விடுமுறைக்கு ஒதுக்க வேண்டும். அரச நிதி சேரும் கருத்திட்டங்களில் நிதியாண்டு டிசெம்பர் 31இல் முடிவதால், பணம் கோரும் பட்டியல்களைக் கடைசி வாரத்துக்கு விடாமல் நவம்பரிலேயே கையளிக்கும் வகையில் திட்டமிட வேண்டும்.

இவை எல்லாவற்றையும் ஒரு பெரிய சுவர்த் தாளில் வரைந்து, எல்லாக் கருத்திட்டங்களின் முக்கிய திகதிகளையும் அதன்மேல் குறித்தால், ஒரு வேலை எங்கே இடறும் என்பது பலமாதம் முன்னதாகவே தெரிந்துவிடும். மே மாதத்தில் அங்கீகாரம் கிடைத்து, விலைமனுக் கோரி ஒப்பந்தம் செய்ய மூன்று மாதம் பிடித்தால், ஓகஸ்ட் இறுதியில்தான் மண்வெட்டி மண்ணில் படும்; தீபாவளிக்கு முன் கூரை ஏறாவிட்டால் மிச்ச வேலை தைக்குப் பின்தான். இதை மே மாதத்திலேயே நன்கொடையாளருக்கு எழுதிவிடும் நிறுவனம், டிசெம்பரில் கால நீடிப்புக் கேட்டு நிற்க வேண்டியதில்லை.

பணமும் வேலையும் ஒன்றோடொன்று பேசுதல்

மேலே சொன்ன வெருகல் எடுத்துக்காட்டுக்குத் திரும்புவோம். 80 இலட்சம் ரூபாய்க் கருத்திட்டத்தில், ஜூன் இறுதிக்குள் பாதி வேலை முடிய வேண்டும் என்பது திட்டம். அதாவது 40 இலட்சம் ரூபாய் பெறுமதியான வேலை. ஜூன் இறுதியில் 40 இலட்சம் செலவாகியிருக்கிறது. கணக்கறிக்கையை மட்டும் பார்ப்பவர் எல்லாம் திட்டப்படி நடக்கிறது என்று நிம்மதி அடைவார். ஆனால் வேலைத்தளத்தில் அளந்து பார்த்தால் முடிந்தது 40 சதவீதம் மட்டுமே. அதன் பெறுமதி 32 இலட்சம். 40 இலட்சம் கொடுத்து 32 இலட்சத்துக்கு வேலை வாங்கியிருக்கிறோம். அதாவது செலவழித்த ஒவ்வொரு ரூபாய்க்கும் 80 சதப் பெறுமதியான வேலையே கிடைத்திருக்கிறது. இதே வேகத்தில் போனால் முழு வேலைக்கும் 80ஐ 0.8ஆல் வகுத்து வரும் 100 இலட்சம், அதாவது ஒரு கோடி ரூபாய் தேவைப்படும். 20 இலட்சம் துண்டு விழும் என்பது ஜூன் மாதத்திலேயே தெரிந்தால், குழாய்வழியின் நீளத்தைக் குறைக்கலாம், மேலதிக நிதி கேட்கலாம், ஒப்பந்தகாரரோடு பேசலாம். நவம்பரில் தெரிந்தால் செய்வதற்கு எதுவும் மிஞ்சாது.

ஈட்டிய பெறுமதி எனப்படும் இந்தக் கணிப்பு முறையின் உயிர், "முடிந்தது 40 சதவீதம்" என்ற எண்ணின் நேர்மையில் இருக்கிறது. கண்மட்டில் சதவீதம் சொல்வதை அனுமதிக்கக் கூடாது. அளவுப் பட்டியலில் உள்ள ஒவ்வோர் உருப்படிக்கும் அதன் பெறுமதியைக் கொடுத்து, முழுமையாக முடிந்த உருப்படியை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டும். அகழி வெட்டிக் குழாய் பதித்து மூடாமல் கிடந்தால், அது முடிந்த வேலை இல்லை. மாதத்தில் ஒரு முறையேனும் அலுவலகத்தைச் சேர்ந்தவர் அளவீட்டு நாடாவுடனும் அளவீட்டுப் புத்தகத்துடனும் வேலைத்தளத்துக்குப் போய், ஒப்பந்தகாரர் சொன்ன நீளத்தில் சில இடங்களையாவது தாமே அளந்து பார்க்க வேண்டும்.

மாதக் கூட்டம்

மாதம் ஒரு முறை, ஒரே கிழமையில், ஒன்றரை மணிநேரத்துக்கு மேற்படாமல் கூட்டம் நடக்கட்டும். எல்லாக் கருத்திட்டங்களையும் வரிசையாக வாசிப்பது நேரத்தை வீணாக்கும். திட்டப்படி நடப்பவற்றுக்குப் பச்சை, பிந்தத் தொடங்கியவற்றுக்கு மஞ்சள், தடைப்பட்டு நிற்பவற்றுக்குச் சிவப்பு என்று முன்கூட்டியே நிறமிட்டு, பச்சை நிறத்தில் உள்ளவற்றை விட்டுவிட்டு, மஞ்சளையும் சிவப்பையும் மட்டும் பேச வேண்டும். ஒவ்வொன்றின் முடிவிலும் எடுத்த தீர்மானம், பொறுப்பானவர், திகதி ஆகிய மூன்றும் கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும். குறிப்பு மறுநாள் எல்லோர் கைக்கும் போக வேண்டும்.

சிவப்பு நிறத்தை எப்படி வரவேற்கிறோம் என்பதில்தான் இந்த ஏற்பாடு முழுவதும் தங்கியிருக்கிறது. ஒரு வெளிக்கள உத்தியோகத்தர் எழுந்து, "சேர், காணிக் கடிதம் வராமல் அத்திவாரம் வெட்ட ஏலாது, இந்த மாதமும் சிவப்புத்தான்" என்று சொல்லும்போது அவரைக் கூட்டத்தில் வைத்துக் கடிந்துகொண்டால், அடுத்த மாதம் எல்லாக் கருத்திட்டங்களும் பச்சையாகவே வரும். பணிப்பாளர் அந்த இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி, "இதற்கு நான் என்ன செய்ய வேண்டும்?" என்பதுதான். பிரச்சினையைத் தாமதமாகச் சொன்னவரிடம் மட்டுமே விளக்கம் கேட்க வேண்டும். முன்கூட்டியே சொன்னவருக்கு உதவி கிடைக்க வேண்டும். புதிதாக அலுவலகம் அமைக்கும் எவரும் பணிப்பாளரோடு தனியே அமர்ந்து, முதற் கூட்டத்துக்கு முன்பே இதைப் பேசி முடித்துவிட வேண்டும் என்று வற்புறுத்துவேன்.

மாற்றக் கோரிக்கைகளுக்கு ஒரு பக்கப் படிவம் போதும்: என்ன மாற்றம், ஏன், பணத்தில் எவ்வளவு கூடும் அல்லது குறையும், திகதி எவ்வளவு தள்ளும். ஒப்பந்தத்தில் இல்லாத மேலதிக வேலையை வாய்மொழியாகச் செய்யச் சொல்லும் வழக்கத்தை இந்தப் படிவம் நிறுத்த வேண்டும். ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார் என்று மதிலை இன்னும் பத்து மீற்றர் நீட்டிவிட்டு, பின்னர் அதற்குரிய பணத்தைத் தேடுவது நிறுவனத்துக்கும் ஒப்பந்தகாரருக்கும் இடையில் மனக்கசப்பை வளர்க்கும்.

முடிப்பும் மீளாய்வும்

திறப்பு விழாவோடு கருத்திட்டம் முடிவதில்லை. கையளிப்புக் கடிதம், வரைபடங்கள், பம்பியின் உத்தரவாதப் பத்திரம், குறைபாட்டுக் காலம் (வேலையில் காணும் குறைகளை ஒப்பந்தகாரர் திருத்தித் தர வேண்டிய காலம்) முடியும் திகதி, அதுவரை கொடுக்காமல் நிறுத்திவைத்து ஒப்பந்தகாரருக்கு விடுவிக்க வேண்டிய பிடித்துவைப்புப் பணத்தின் அளவு ஆகியவை ஒரே கோப்பில் சேர்ந்த பின்னரே பதிவேட்டில் அந்த வரியை மூட வேண்டும். குறைபாட்டுக் காலம் முடிவதற்கு ஒரு மாதம் முன்னதாக வேலைத்தளத்தைப் பார்வையிடும் திகதியையும் அப்போதே நாட்காட்டியில் குறித்துவைக்க வேண்டும். மழை ஒன்று கடந்த பின்னர்தான் கூரை ஒழுக்கும் சுவர் வெடிப்பும் வெளியே வரும்.

முடிந்த கருத்திட்டத்தின் பாடங்களை நீண்ட அறிக்கையாக எழுதினால் யாரும் வாசிப்பதில்லை. அடுத்த கருத்திட்டத்தின் ஏற்புக் கேள்விகளில் ஒன்றாகவோ கால அட்டவணையில் ஒரு திருத்தமாகவோ அந்தப் பாடம் மாறியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

ஓராண்டு முடிந்ததும் அலுவலகம் தன்னையும் இதே கண்டிப்போடு மீளாய்வு செய்ய வேண்டும். இவ்வாண்டு கேட்ட படிவங்கள், நிரல்கள், அறிக்கைகள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றையும் வைத்து எந்த முடிவு எடுக்கப்பட்டது என்று வெளிக்கள உத்தியோகத்தர்களையும் அருகில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். எந்த முடிவுக்கும் பயன்படாத படிவத்தை அன்றே நிறுத்திவிட்டு, அடுத்த ஆண்டின் ஆணையில் அதை நீக்கிப் பணிப்பாளர் சபையிடம் கொடுக்க வேண்டும்.